மரமஞ்சள் கிருமியைக் கொல்கிறதா?

மரமஞ்சள் கொடியின் தண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே அடர்த்தியான மஞ்சள் நிறம். நடுவிலிருந்து பட்டைவரை கதிர்கதிராகக் கோடுகள் ஓடும். வெட்டிய கத்தியிலும் பிடித்த விரலிலும் அந்த நிறம் ஒட்டிக்கொள்ளும். ஒரு சிராயை நாக்கில் வைத்தால் கசப்பு தொண்டைவரை இறங்கும். இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே நீட்டினால் வெட்டுமுகம் மஞ்சளாக ஒளிரும். நிறம், கசப்பு, ஒளிர்வு ஆகிய மூன்றுக்கும் முதற்காரணம் ஒரே மூலக்கூறு. அதன் பெயர் பெர்பெரின்.

நம் மரமஞ்சளின் தாவரப் பெயர் கோசினியம் ஃபெனஸ்ட்ரேட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளிலும் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பெருமரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. பெர்பெரின் அதற்கு மட்டும் உரியதன்று. நீலகிரியின் ஊசிக்கலா, இமயமலையின் தாருஹரித்திரை, சீனர்கள் ஹுவாங்லியன் என்று அழைக்கும் கோப்டிஸ், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கோல்டன்சீல் என்று ஒன்றுக்கொன்று தொலைவான நிலங்களில் வளரும் தாவரங்களிலும் இருக்கிறது. இந்தச் செடிகளை மக்கள் பயன்படுத்திய நோய்களோ வியக்கத்தக்க அளவு ஒன்றுபோலவே இருக்கின்றன: வயிற்றுப்போக்கு, கண்நோய், ஆறாத புண், காய்ச்சல். இலங்கையில் இன்றும் சளி, காய்ச்சல் என்றால் வெனிவெல் என்ற பெயரில் இதே கொடியின் துண்டைக் கொத்தமல்லியோடு சேர்த்துக் காய்ச்சுகிறார்கள்.

இவ்வளவு பேர் இவ்வளவு காலமாகப் பயன்படுத்திய பொருளை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தவுடன் நாம் கேட்கும் முதற்கேள்வி, பெரும்பாலும் ஒரே கேள்வி, இது கிருமியைக் கொல்கிறதா என்பதுதான். கண்ணாடித் தட்டில் அகார் ஊற்றி, பாக்டீரியாவைப் பரப்பி, நடுவில் செடியின் சாற்றில் நனைத்த வட்டத்தாளை வைப்பார்கள். மறுநாள் தாளைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். நம் கல்லூரிகளில் மூலிகை ஆய்வு என்ற பெயரில் ஆண்டுதோறும் வெளிவரும் கட்டுரைகளில் மிகப் பல இந்த வளையத்தோடு தொடங்கி இந்த வளையத்தோடு முடிகின்றன. மாணவர் கைப்பழக்கம் பெற அது நல்ல பயிற்சி. ஆனால் ஒரு மருந்துச் செடியைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. பெர்பெரினின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இது விளங்கும்.

வளையச் சோதனையில் பெர்பெரின் ஒரு சுமாரான கிருமிக்கொல்லி. சீழ்ப் புண்களில் காணப்படும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியாவை அடக்க அது நல்ல ஆன்டிபயாடிக்குகளைவிடப் பல மடங்கு அதிக அளவில் தேவைப்படுகிறது. வாய்வழி விழுங்கினாலோ அதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தில் சேர்வதில்லை. தட்டில் வேலை செய்யத் தேவைப்படும் செறிவை மைக்ரோகிராமில் அளக்கிறோம். இரத்தத்தில் கிடைப்பதை அதனினும் ஆயிரத்தில் ஒரு பங்கான நானோகிராமில்தான் அளக்க முடிகிறது. இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பவர் மரமஞ்சளை வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவார். வளையத்தை மட்டும் பார்ப்பவரோ ஆன்டிபயாடிக்குக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று எழுதிவிடுவார். இருவரும் பார்க்கத் தவறியது, பெர்பெரின் ஏன் சுமாராக வேலை செய்கிறது என்ற காரணத்தை.

பெர்பெரின் நேர்மின்னூட்டம் கொண்ட மூலக்கூறு. பாக்டீரியாவின் உட்புறம் வெளிப்புறத்தைவிட எதிர்மின்தன்மை கொண்டது. எனவே பெர்பெரின் உயிரணுவுக்குள் தானாகவே ஈர்க்கப்பட்டுச் சேர வேண்டும். சேர்ந்தால் டி.என்.ஏ. இழைகளின் நடுவே நுழைந்துகொள்ளும் திறனும் அதற்கு உண்டு. இப்படிப்பட்ட பொருள் வலிமையான நஞ்சாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பாக்டீரியாவின் சவ்வில் பம்புகள் இருக்கின்றன. ஸ்டஃபிலோகாக்கஸில் உள்ள அத்தகைய பம்பு ஒன்றின் பெயர் நார்-ஏ. வெளியிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே விட்டு, அந்த விசையைக் கொண்டு வேண்டாத பொருளை வெளியே தள்ளும் புரதம் அது. ஓட்டை விழுந்த தோணியில் ஓயாமல் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, பெர்பெரின் உள்ளே வர வர நார்-ஏ அதை வெளியே இறைக்கிறது. நார்ஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளையும் இதே பம்புதான் வெளியேற்றுகிறது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகுவதற்கான காரணங்களில் இந்த வகைப் பம்புகளும் ஒன்று.

இங்கேதான் 2000-ஆம் ஆண்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் ஃப்ராங்க் ஸ்டெர்மிட்ஸும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியலாளர் கிம் லூயிஸும் தங்கள் குழுவினரோடு பெர்பெரின் உள்ள பெர்பெரிஸ் செடிகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கேள்வியை மாற்றினார்கள். கிருமியைக் கொல்லும் பொருள் எது என்று தேடாமல், பெர்பெரினின் வேலையை எளிதாக்கும் வேறு பொருள் அதே செடியில் இருக்கிறதா என்று தேடினார்கள். கிடைத்தது. 5-பிரைம்-மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்ற அந்தப் பொருளைத் தனியே கொடுத்தால் பாக்டீரியாவுக்கு எதுவும் ஆவதில்லை. வளையச் சோதனையில் அது பூஜ்யம். ஆனால் தனியே எதையும் சாதிக்காத சிறிய அளவு பெர்பெரினோடு அதைச் சேர்த்தபோது ஸ்டஃபிலோகாக்கஸின் வளர்ச்சி நின்றது. உயிரணுவுக்குள் பெர்பெரின் பன்மடங்கு குவிந்திருந்தது. பம்பு முடங்கியிருந்தது. நார்ஃப்ளாக்சசினோடு சேர்த்துப் பார்த்தபோதும் அதன் வீரியம் கூடியது.

அந்தப் பொருள் முன்பே வேறொரு மரத்திலிருந்து அறியப்பட்டது என்பது நமக்குக் கூடுதல் அக்கறை தர வேண்டிய செய்தி. அந்த மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நீரடிமுத்து. அதன் விதை எண்ணெய் தொழுநோய்க்குக் காலங்காலமாகத் தரப்பட்டது. டாப்சோன் என்ற மருந்து வருவதற்கு முன்பு, இந்த இனத்து எண்ணெய்தான் உலகெங்கும் தொழுநோய் மருத்துவத்தின் கையிருப்பு. ஹவாயில் இளம் வேதியியலாளர் ஆலிஸ் பால் அதை ஊசியாகச் செலுத்தத்தக்க வடிவில் மாற்றிக் கொடுத்தது 1915-ஐ ஒட்டிய காலத்தில். அந்த எண்ணெயில் மிகச் சிறிய பங்காக இருந்த ஒரு பொருளே 85 ஆண்டுகளுக்குப் பின் பெர்பெரிஸ் செடியிலும் தென்பட்டது. ஒரு தாவரம் நஞ்சையும், அந்த நஞ்சை வெளியேற்றும் பம்புக்கு அடைப்பானையும் ஒருசேர உண்டாக்குகிறது. தன்னைத் தாக்கும் நுண்ணுயிர்களோடு அது நெடுங்காலம் போராடியதன் பயன் இது என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது.

வட கரோலினாவில் நாட்ஜா செக்கின் குழு கோல்டன்சீல் செடியில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தது. அங்கேயும் தனியே எந்த வீரியமும் அற்ற ஃபிளேவனாய்டுகள் நார்-ஏ பம்பைத் தடுத்தன. இன்னொரு நுட்பமும் வெளிப்பட்டது. அந்தச் செடியில் பெர்பெரின் வேர்ப்பகுதியில் மிகுதி; பம்பைத் தடுக்கும் பொருள்களோ இலையில் மிகுதி. வேரை மட்டும் எடுத்து, அதன் தரத்தைப் பெர்பெரின் அளவால் மட்டும் நிர்ணயித்து விற்கும் முறை, செடியின் மறுபாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறது. நம் சித்த மருத்துவத்தில் சில மூலிகைகளுக்குச் சமூலம் என்று வேர் முதல் பூ வரை முழுச்செடியையும் சொல்லியிருக்கிறார்கள். சிலவற்றுக்கு வேர் மட்டும், சிலவற்றுக்குப் பட்டை மட்டும். இந்த வேறுபாடுகளுக்குப் பின்னால் என்ன வேதியியல் இருக்கிறது என்பது ஆய்வுக்குத் தகுந்த கேள்வி. எல்லாவற்றுக்கும் அறிவியல் காரணம் இருந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்கத்தக்க கேள்வி அது என்கிறேன். சோதிக்காமலேயே பெருமை பேசுவதும், சோதிக்காமலேயே ஒதுக்குவதும் ஒரே வகைச் சோம்பல்.

பம்பைத் தடுக்கும் இந்தப் பொருள்கள் இதுவரை ஆய்வகத்தைத் தாண்டி மருந்தாக வரவில்லை. அதையும் சொல்லியாக வேண்டும். தட்டில் கிடைத்த ஒத்துழைப்பு மனித உடலில் கிடைக்க இரண்டு பொருள்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் போதிய அளவு சேர வேண்டும். அது எளிதன்று.

சரி, உடலுக்குள் போவோம். வயிற்றுப்போக்குக்கு மரமஞ்சள் என்ற பழைய வழக்கம் எதை நம்பி நின்றது? காலராவிலிருந்து தொடங்குவோம்.

காலராவின் இயக்கத்தை உலகுக்குக் காட்டியவர் கல்கத்தாவின் சம்பு நாத் தே. அதுவரை காலரா கிருமியின் நஞ்சு அதன் உடலோடு ஒட்டியது என்றும், அது இரத்தத்தில் கலந்து உடலைக் கெடுக்கிறது என்றும் கருதி, ஊசி வழியே சோதித்துத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். தே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு பக்கமும் நூலால் கட்டி, அந்தக் கட்டுக்குள் கிருமியைச் செலுத்தினார். சில மணி நேரத்தில் அந்தத் துண்டு மட்டும் நீரால் உப்பிப் புடைத்தது. 1959-இல் கிருமியை முற்றிலும் வடிகட்டி நீக்கிய திரவத்தைக் கொண்டே அதே விளைவை உண்டாக்கிக் காட்டினார். அதாவது கிருமி குடலைத் துளைப்பதோ அரிப்பதோ இல்லை. அது ஒரு நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சு குடல் உயிரணுவில் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞைப் பொருளைக் கட்டுக்கடங்காமல் பெருக்குகிறது. குளோரைடு வாயில்கள் திறந்துகொள்ள, உப்பும் அதன் பின்னே நீரும் குடலுக்குள் கொட்டுகின்றன. நோயாளியைக் கொல்வது இந்த நீரிழப்பு. தேயின் இந்தக் கண்டுபிடிப்புக்கு அவர் வாழ்நாளில் கிடைத்த மரியாதை மிகக் குறைவு என்பது இந்திய அறிவியலின் மீதுள்ள கறை.

இதே முயல்குடல் முறையைக் கொண்டு 1982-இல் சாக், ஃப்ரோலிக் என்ற இருவர் பெர்பெரினைச் சோதித்தார்கள். காலரா நச்சும், ஈகோலை பாக்டீரியாவின் அதையொத்த நச்சும் உண்டாக்கும் நீர்ச்சுரப்பைப் பெர்பெரின் ஏறத்தாழ 70 சதவீதம் குறைத்தது. நச்சு குடலில் ஒட்டுவதற்கு முன் கொடுத்தாலும் குறைத்தது, ஒட்டிய பின் கொடுத்தாலும் குறைத்தது. நச்சு தூண்டிவிடும் நொதியை அது தடுக்கவில்லை. சோதனையில் வைத்தது நச்சைத்தான். அங்கே கொல்லுவதற்குக் கிருமியே இல்லை. பெர்பெரின் வேலை செய்த இடம் நோயாளியின் குடல். வளையச் சோதனையால் இதை ஒருநாளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

மனிதரிடம் என்ன ஆயிற்று? டாக்காவில் ரப்பானியின் குழு 165 பேரிடம் நடத்திய ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. நச்சுசுரக்கும் ஈகோலையால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில், பெர்பெரின் பெற்ற 42 சதவீதத்தினருக்கு 24 மணி நேரத்தில் போக்கு நின்றது. பெறாதவர்களில் 20 சதவீதத்தினருக்கே நின்றது. காலராவில் பலன் சொற்பம். டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்த்துக் கொடுத்தபோது கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு பர்மாவில் 400 பேரிடம் நடந்த ஆய்வில் காலராவிலும் மற்ற வயிற்றுப்போக்கிலும் பெர்பெரின் நீர்ச்சுரப்பைக் குறைத்ததாகத் தெரியவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என் முடிவு இது: இயக்கம் உண்மை, சில வகை நோயில் உதவியும் உண்மை, ஆனால் உயிர் காக்கும் இடத்தில் அதை வைக்க முடியாது. அந்த இடம் உப்பு-சர்க்கரைக் கரைசலுக்கு உரியது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பிரிக்க வேண்டுமே தவிர, மரமஞ்சளைத் தேடிப் போகக் கூடாது.

அடுத்த திருப்பம் சீனாவில் நிகழ்ந்தது. அங்கே பெர்பெரின் மாத்திரை வயிற்றுப்போக்குக்கு மருந்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது. 2004-இல் நேச்சர் மெடிசின் இதழில் ஜியாங் ஜியான்-டோங் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு மிகுந்த 32 பேர் மூன்று மாதம் பெர்பெரின் உட்கொண்டதில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 25 சதவீதம் குறைந்திருந்தது. ஈரல் உயிரணுவில் எல்.டி.எல். ஏற்பியை உண்டாக்கும் தூது ஆர்.என்.ஏ. விரைவில் சிதையாமல் பெர்பெரின் காக்கிறது. ஏற்பிகள் பெருகுவதால் இரத்தத்திலிருந்து கொழுப்பு அதிகமாக உள்ளிழுக்கப்படுகிறது. ஸ்டாட்டின் மாத்திரைகள் செல்லும் வழி வேறு.

இங்கே பழைய புதிர் திரும்ப எழுகிறது. இரத்தத்தில் சேராத பொருள் ஈரலில் எப்படி வேலை செய்யும்? அதே குழு 2015-இல் ஒரு விடை தந்தது. பெர்பெரினைக் குடல் வாழ் பாக்டீரியாக்கள் தங்கள் நொதியால் டைஹைட்ரோபெர்பெரின் என்ற வடிவத்துக்கு மாற்றுகின்றன. விலங்குகளில் அந்த வடிவம் பெர்பெரினைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு எளிதாகக் குடல்சுவரைக் கடக்கிறது. கடந்தவுடன் ஆக்சிஜனேற்றத்தால் திரும்பவும் பெர்பெரினாகிவிடுகிறது. எந்த உயிரினத்தைக் கொல்லும் மருந்து என்று பெர்பெரினைப் பார்த்தோமோ, அதே வகை உயிரினத்தின் உதவியால்தான் அது நம் உடலுக்குள் நுழைகிறது. ஆளுக்கு ஆள் குடல் நுண்ணுயிர்கள் வேறுபடுவதால் ஒரே மருந்து ஒருவருக்குப் பலிப்பதும் மற்றவருக்குப் பலிக்காமற்போவதும் இயல்பு என்பதும் இதிலிருந்து புரிகிறது.

பெர்பெரின் அந்த நுண்ணுயிர்களைத் திருப்பி மாற்றவும் செய்கிறது. புதிதாகச் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 409 பேரிடம் சீனாவின் பல மருத்துவமனைகளில் 12 வாரம் நடந்த ஆய்வு 2020-இல் வெளியாயிற்று. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியான எச்.பி.ஏ.1.சி. பெர்பெரின் பெற்றோரில் 0.99 புள்ளி குறைந்தது. வெற்று மாத்திரை பெற்றோரில் 0.59. ரூமினோகாக்கஸ் ப்ரோமி என்ற குடல் பாக்டீரியா பித்த அமிலங்களை மாற்றும் வேலையைப் பெர்பெரின் தடுப்பது இந்தப் பலனுக்கு ஒரு வழி என்று அந்த ஆய்வு காட்டியது. குறைவு உண்மையானதுதான், ஆனால் பெரியதன்று. வெற்று மாத்திரைக்கே 0.59 குறைந்திருப்பதைக் கவனியுங்கள்: ஒப்பிட ஆள் இல்லாமல் நடக்கும் ஆய்வில் அந்த முழுக் குறைவும் மூலிகையின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும். பெர்பெரின் எடுத்தவர்களுக்கு வயிற்றுத் தொல்லையும் கூடுதலாக இருந்தது. இதை வைத்துக்கொண்டு சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு மரமஞ்சள் கஷாயம் குடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் நலனை நினைத்துப் பேசவில்லை.

தீங்கு பற்றியும் இயக்கத்தின் வழியே பேச முடியும், பேச வேண்டும். பிறந்த குழந்தையின் இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள் ஆல்புமின் புரதத்தோடு பிணைந்து அடங்கியிருக்கும். பெர்பெரின் அந்தப் பிணைப்பைப் பெயர்த்துவிடுகிறது. விடுபட்ட பிலிருபின் மூளைக்குள் புகுந்தால் நிரந்தரச் சேதம் உண்டாகும். ஜி-6-பி-டி நொதிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். பச்சிளங்குழந்தைகளின் கடுமையான காமாலையோடு பெர்பெரின் மூலிகைகளைத் தொடர்புபடுத்தி சிங்கப்பூர் அரசு 1978-இல் அவற்றைத் தடை செய்தது. 2013 முதல்தான் அதைப் படிப்படியாகத் தளர்த்தியது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் மரமஞ்சளைத் தவிர்ப்பதே சரி. ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் பல நொதிகளையும் பெர்பெரின் மந்தப்படுத்துகிறது. சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் அளவு இதனால் இரத்தத்தில் உயர்ந்ததை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. மரமஞ்சள் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. மூலிகைதானே, தீங்கு வராது என்ற பேச்சு பெர்பெரின் விஷயத்தில் பொய்.

நம் ஆய்வுக்கூடங்களிடம் எதிர்பார்க்க வேண்டியது என்ன? மாணவர்கள் வளையத்தை அளந்து முடித்த இடத்தில் ஆய்வு தொடங்க வேண்டும். எந்தச் செடி, எந்தப் பாகம் என்பதைத் தாவரவியலாளர் உறுதிசெய்த மாதிரி வேண்டும். தாருஹரித்திரைக்குப் பதிலாகத் தென்னாட்டில் மரமஞ்சள் பயன்படுவது போன்ற மாற்றுகள் கடைச்சரக்கில் வழக்கமானவை. சோதிக்கும் செறிவு உடலில் கிடைக்கக்கூடியதா என்று பார்க்க வேண்டும். கிருமி, அதன் நச்சு, நோயாளியின் உயிரணு, குடல் நுண்ணுயிர் ஆகியவற்றில் எதன்மீது அந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்தறிய வேண்டும். பலன் இல்லை என்று தெரிந்தால் அதையும் வெளியிட வேண்டும். இதற்குச் சித்த மருத்துவரும் வேதியியலாளரும் நுண்ணுயிரியலாளரும் ஒரே மேசையில் அமர்ந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள்.

கொடி இருக்கிறதா என்பது வேறு கவலை. மரமஞ்சள் மெதுவாக வளரும். ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. விதை எளிதில் முளைப்பதில்லை. வெட்டத்தக்க பருவத்துக்கு வரச் சுமார் 15 ஆண்டுகள் பிடிக்கும். மருந்தாவது தண்டும் வேரும் என்பதால் அறுவடை என்பது பெரும்பாலும் கொடியின் சாவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் அது அழிவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. பெர்பெரின் மட்டும் வேண்டுமென்றால் அதற்குச் சீனாவில் பயிரிடப்படும் தாவரங்களும் செயற்கைத் தயாரிப்பும் இருக்கின்றன. அதற்காக நம் காட்டுக் கொடியை வெட்ட வேண்டிய தேவையே இல்லை. மரமஞ்சள் சேர்த்து மருந்து செய்பவர்கள், தாங்கள் வாங்கும் சரக்கு பயிரிட்டதா, காட்டில் வெட்டியதா என்று விற்பவரிடம் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் வாங்காதீர்கள்.